ஒப்பமிட்டவர் ஒதுங்கினார், ஒப்பமிடாதவர் போரிட்டார்

1914 நவம்பர் நடுப்பகுதியில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றிய கப்பல் தொடரணி ஒன்று கொழும்பை வந்தடைந்தது. அந்த மாதம் 1ஆம் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனியிலிருந்து புறப்பட்ட அந்தத் தொடரணிக்கு இந்து சமுத்திரத்தில் காவலாக வந்த போர்க்கப்பல்களில் ஒன்று ஜப்பானின் 'இபுக்கி'. அடுத்த 28 ஆண்டுகள் முடிவதற்குள், 1942 ஏப்ரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று காலை, அதே கடற்படையின் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. முதல் தடவை ஜப்பான் பிரித்தானியாவின் கூட்டாளி. 1902இல் செய்த உடன்படிக்கை அப்போது உயிரோடிருந்தது. இரண்டாம் தடவை ஜேர்மனியின் கூட்டாளி. இரண்டு தடவையும் இலங்கையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. குடியேற்ற நாட்டுக்கு லண்டனின் போர் அறிவிப்பே போதுமானதாக இருந்தது.

முதல் போரில் இந்தக் கரைக்கு வந்த எதிரி, ஜேர்மன் போர்க்கப்பல் 'எம்டன்'. 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்துவிட்டு இலங்கைப் பக்கம் திரும்பி, மூன்று நாளில் கொழும்புக்கு அருகே சீனி ஏற்றிவந்த 'டைமெரிக்' கப்பலை மூழ்கடித்தது. அந்த நவம்பர் 9இல் மேற்சொன்ன தொடரணியிலிருந்து பிரிந்து சென்ற 'சிட்னி'தான் கொக்கோஸ் தீவருகே அதன் கதையை முடித்தது. பிடிகொடுக்காத கெட்டிக்காரனை 'ஆள் எம்டன்' என்கிறோமே, அது அந்தக் கப்பல் விட்டுப்போன மிச்சம். பொஸ்னியாவின் தெருவொன்றில் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் கொல்லப்பட்டதிலிருந்து இலங்கைக் கரையோரம் மூழ்கிய சீனிக் கப்பல் வரை இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

பாடசாலையில் இதற்குச் சொல்லித்தந்த விளக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐரோப்பா இரண்டு முகாமாகப் பிரிந்திருந்தது, ஒருவரை ஒருவர் காப்பதாகக் கையெழுத்திட்டிருந்தார்கள், ஒருவர் விழ மற்றவர்களும் வரிசையாக விழுந்தார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உடன்படிக்கைகளின் வாசகத்தை எடுத்துப் படித்தால் இந்தக் கதை நிற்காது.

தாளில் இருந்தது என்ன

ஜேர்மனியும் ஒஸ்திரிய-ஹங்கேரியும் 1879 ஒக்டோபர் 7இல் செய்த உடன்படிக்கை தற்காப்புக்கானது. இருவரில் ஒருவரை ரஷ்யா தாக்கினால் மற்றவர் முழுப் பலத்தோடும் உதவ வேண்டும். தாக்குவது வேறொரு நாடு என்றால் நட்புடன் நடுநிலை வகித்தால் போதும். தாமே போய்ச் சண்டையைத் தொடங்குபவருக்கு உதவ வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஜேர்மன் பிரதமர் பிஸ்மார்க் 1888 பெப்ரவரியில் அந்த வாசகத்தை வேண்டுமென்றே வெளியிட்டார். ரஷ்யாவுக்கு எச்சரிக்கை; கூடவே, பால்கனில் போருக்குத் துடித்துக்கொண்டிருந்த வியன்னாக்காரருக்கும் 'எல்லை இதுதான்' என்ற அறிவித்தல்.

1882 மே 20இல் இத்தாலியும், அடுத்த ஆண்டு இரகசியமாக ருமேனியாவும் இந்த அணியில் சேர்ந்தன. எதிர்ப்பக்கத்தில் பிரான்சும் ரஷ்யாவும் 1892இல் வரைந்த இராணுவ ஒப்பந்தம் 1894இல் நடைமுறைக்கு வந்தது. அது மிகத் துல்லியமானது: ஜேர்மனிக்கு எதிராகப் பிரான்ஸ் 13 இலட்சம் பேரையும் ரஷ்யா 7 முதல் 8 இலட்சம் பேரையும் இறக்கும், எதிரணியில் எவராவது படைதிரட்டத் தொடங்கினால், செய்தி கிடைத்ததும் இருவரும் கலந்தாலோசனை எதுவுமின்றி உடனே படைதிரட்டுவார்கள். பிற்பாடு வினையானது இந்தக் கடைசி வரி.

இப்போது 1914 ஜூலைக்கு வருவோம். ஜூலை 28இல் சேர்பியா மீது போர் அறிவித்தது ஒஸ்திரியாதான்; யாரும் அதன்மீது படையெடுத்திருக்கவில்லை. ஆகவே 1879இன் தாள்படி ஜேர்மனிக்கு அன்று எந்தக் கடமையும் இல்லை. இத்தாலி இதையே வாய்விட்டுச் சொல்லி ஓகஸ்ட் தொடக்கத்தில் நடுநிலை அறிவித்தது. ருமேனியாவில் மன்னர் கரோல் ஓகஸ்ட் 3இல் அரசவையைக் கூட்டி உடன்படிக்கையை எடுத்து வைத்தார். போருக்கு அவரோடு நின்றவர் ஒரே ஒருவர். இரண்டு நாடும் பின்னர் எதிரணியில் சேர்ந்துகொண்டன, இத்தாலி 1915 மேயில், ருமேனியா 1916 ஓகஸ்டில். மறுபுறம் பார்த்தால், சேர்பியாவைக் காப்பதாக ரஷ்யா எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. பிரான்சைக் காப்பதாகப் பிரித்தானியாவும் கையெழுத்திடவில்லை. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839இல் கொடுத்த உத்தரவாதம் இருந்தது உண்மை. ஆனால் ஜூலைக் கடைசியில் பிரித்தானிய அமைச்சரவை மன்னருக்கு அனுப்பிய அறிக்கையில், அது சட்டக் கடமை என்பதைவிடக் கொள்கை சார்ந்த விடயம் என்றே எழுதியிருந்தது.

ஆக, கையெழுத்திட்ட இருவர் ஒதுங்கினார்கள், கையெழுத்திடாத இருவர் போரிட்டார்கள். அப்படியானால் நாடுகளை இழுத்தது எது?

வாயால் நீட்டிய வாக்குறுதி

வங்கிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைத்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் புரியும். படிவத்தில் தொகை இருக்கும், தவணை இருக்கும், எப்போது பிணையாளரைப் பிடிக்கலாம் என்ற நிபந்தனை இருக்கும். ஆபத்து படிவத்தில் இல்லை. 'நீ பார்த்துச் செய், நான் இருக்கிறேன்' என்று பிணையாளர் பிறகு தனியே சொல்லும் வார்த்தையில்தான் இருக்கிறது.

1879இன் எல்லை அப்படித்தான் கரைந்தது. பொஸ்னிய நெருக்கடியின்போது, 1909 ஜனவரியில், ஜேர்மன் படைத்தலைமை அதிகாரி மொல்ட்கே ஒஸ்திரியப் படைத்தலைமை அதிகாரி கொன்ராடுக்கு எழுதிய கடிதத்தில் புதிய பொருள் ஒன்று நுழைந்தது: ஒஸ்திரியா சேர்பியாவுக்குள் புகுந்து, அதனால் ரஷ்யா படைதிரட்டினால், ஜேர்மனியும் திரட்டும். 'ரஷ்யா தாக்கினால்' என்பது 'ரஷ்யா தயாரானால்' என்று மாறிவிட்டது. தொடங்குபவர் ஒஸ்திரியாவாக இருந்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது. மன்னருக்கும் பிரதமருக்கும் தெரிந்தே போன கடிதம் அது. உடன்படிக்கையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. பால்கன் தகராறில் ஜேர்மனி தலையிட்டால் பிரான்ஸ் ரஷ்யாவோடு நிற்கும் என்ற பொருளில் பிரெஞ்சுப் பிரதமர் பொன்காரே 1912இல் ரஷ்யத் தூதரிடம் பேசியிருந்தார். தன் நாடு தாக்கப்பட்டால் என்று தொடங்கிய பிணை இரண்டு பக்கத்திலும் பால்கன் வரை நீண்டுவிட்டது.

1914 ஜூலை 5இல் பொட்ஸ்டாமில் வில்ஹெல்ம் மன்னர் ஒஸ்திரியத் தூதரிடம் கொடுத்த வாக்கு இதன் உச்சம். மறுநாள் பிரதமர் பெத்மனும் அதை உறுதிசெய்தார். வரலாற்றாசிரியர்கள் இதை 'வெற்றுக் காசோலை' என்கிறார்கள், தொகை எழுதாமல் ஒப்பம் மட்டும் வைத்தது. இதில் மூன்று குறைகள் இருந்தன. ஒஸ்திரியா என்ன கேட்கப்போகிறது என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. எப்போது கேட்கும் என்பதற்கு உறுதியான கெடு இல்லை. விரைவாக முடி என்று பெர்லின் நெருக்கியும், வியன்னா இறுதி எச்சரிக்கையைக் கையளித்தது ஜூலை 23 மாலைதான், 48 மணிநேர அவகாசத்தோடு. கொலை நடந்து 25 நாள்; ஐரோப்பாவின் அனுதாபம் அதற்குள் ஆறிப்போயிருந்தது. மூன்றாவது குறைதான் மோசமானது: காசோலையைத் திருப்பி வாங்க வழி இருக்கவில்லை. கொடுத்த கையோடு மன்னர் நோர்வேக் கடலுக்கு உல்லாசப் பயணம் போய்விட்டார். திரும்பி வந்து ஜூலை 28 காலை சேர்பியாவின் பதிலைப் படித்ததும், போருக்கான காரணமே போய்விட்டது, பெல்கிரேட்டைப் பிடித்து அத்தோடு நிற்கலாம் என்று குறிப்பெழுதினார். அது வியன்னாவை எட்டுமுன் போர் அறிவிப்பு தந்தியில் போய்விட்டது.

அதற்கடுத்த இரண்டு நாளில் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கு இரண்டு குரல் கேட்டது. பெத்மன் நிதானிக்கச் சொன்னார். மொல்ட்கே ரஷ்யாவுக்கு எதிராக உடனே படைதிரட்டச் சொன்னார். பெர்லினில் ஆள்வது யார், மொல்ட்கேயா பெத்மனா என்று ஒஸ்திரிய வெளிவிவகார அமைச்சர் பெர்க்டோல்ட் கேட்டாராம். கூட்டணி நாடுகளில் வெளிவிவகாரத் திணைக்களம் ஒரு வழியாகவும் படைத்தலைமையகம் இன்னொரு வழியாகவும் பேசும்போது, கேட்பவர் தமக்குப் பிடித்த குரலையே எடுத்துக்கொள்வார். 1914க்கு மட்டும் உரிய நோயல்ல இது.

புகையிரத நேரசூசி

படைதிரட்டல் என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ளாமல் ஓகஸ்ட் முதல் வாரத்தை விளங்கிக்கொள்ள முடியாது. அக்கால ஐரோப்பியப் படைகளில் பெரும்பகுதியினர் வீட்டிலிருந்த சேமப்படையினர். அவர்களை அழைக்க வேண்டும், முகாமில் உடையும் துப்பாக்கியும் கொடுக்க வேண்டும், விவசாயிகளிடமிருந்து குதிரைகளைக் கைப்பற்ற வேண்டும், பிறகு எல்லாவற்றையும் எல்லைக்கு ஏற்ற வேண்டும். ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட ஒரு ஜேர்மன் படைக்கூட்டத்தை நகர்த்த 140 புகையிரதங்கள் தேவைப்பட்டன. ஜேர்மனி முழுவதற்கும் ஏறக்குறைய 11,000 புகையிரதங்கள். கொலோன் நகரின் ரைன் பாலத்தைச் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்று என இரண்டு வாரத்துக்கு மேல் கடந்தன. ஒவ்வொரு தடத்துக்கும், ஒவ்வொரு நீர்நிரப்பும் நிலையத்துக்கும், ஒவ்வொரு சாப்பாட்டு நிறுத்தத்துக்கும் நிமிடக்கணக்கு இருந்தது. ஆண்டுதோறும் திருத்திய கணக்கு அது.

ஜேர்மனியின் கணக்குக்கு அடியில் ஒரே அனுமானம்தான்: இரண்டு முனையில் போர் வரும், ரஷ்யா பெரிய நாடு, தண்டவாளம் குறைவு, முழுதாக ஆயத்தமாக ஆறு வாரமாகும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் பிரான்சை முடித்துவிட வேண்டும். இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். சேர்பியா பற்றிய தகராறில் ரஷ்யா படைதிரட்டினால் ஜேர்மனி தாக்க வேண்டியது பெல்ஜியத்தை. பெல்ஜியத்துக்கும் சேர்பியாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தகராறையும் போர்முனையையும் இணைத்தது ஒரு நேரசூசி மட்டுமே. மற்ற நாடுகளுக்குப் படைதிரட்டல் ஒரு மிரட்டல். திரட்டி எல்லையில் நிறுத்திவிட்டுப் பேசலாம். ஜேர்மனிக்கு மட்டும் படைதிரட்டலும் போரும் ஒன்று, ஏனென்றால் முதல் நாட்களிலேயே பெல்ஜியத்தின் லீஜ் கோட்டைகளைப் பிடிக்காவிட்டால் பின்னால் வரும் புகையிரதங்கள் எல்லாம் முட்டிக்கொள்ளும்.

ரஷ்யாவின் சிக்கல் வேறு விதம். ஒஸ்திரியாவை மட்டும் மிரட்ட விரும்பிய வெளிவிவகார அமைச்சர் சசோனோவ் பகுதித் திரட்டல் கேட்டார்: கீவ், ஒடெசா, மொஸ்கோ, கசான் ஆகிய நான்கு இராணுவ மாவட்டங்கள் மட்டும், ஜேர்மன் எல்லையைத் தொடும் வார்சோ வேண்டாம். படைத்தலைமையகத்தில் அப்படி ஒரு திட்டமே இல்லை. இருந்தது முழுத்திரட்டல் அட்டவணை மட்டும். பாதியை ஓடவிட்டுப் பிறகு முழுமைக்கு மாற்றினால் சேமப்படையினர் ஒரு பக்கமும் வண்டிகள் இன்னொரு பக்கமும் நிற்கும். சார் மன்னர் ஜூலை 29இல் முழுத்திரட்டலுக்கு ஒப்பமிட்டு, வில்ஹெல்மின் தந்தி கண்டு அன்றிரவே இரத்துச் செய்து, மறுநாள் பிற்பகல் மீண்டும் ஒப்பமிட்டார். இனி மனம் மாறினால் என்னைப் பிடிக்க முடியாதபடி தொலைபேசியை உடைத்துவிடுவேன் என்று படைத்தலைமை அதிகாரி யனுஷ்கேவிச் சொன்னது பிரசித்தம்.

அதன்பின் கெடுக்களின் வேகம்: ஜூலை 31இல் ஜேர்மனி ரஷ்யாவுக்குக் கொடுத்தது 12 மணிநேரம், பிரான்சுக்கு 18. ஓகஸ்ட் 1இல் ரஷ்யா மீது போர். 2இல் பெல்ஜியத்துக்கு 12 மணிநேரக் கெடு. 3இல் பிரான்ஸ் மீது போர். 4இல் பெல்ஜியத்துக்குள் நுழைவு, அன்றிரவு 11 மணிக்குப் பிரித்தானியாவும் போரில். யாருக்காக ஜேர்மனி களம் இறங்கியதோ அந்த ஒஸ்திரியா ரஷ்யா மீது போர் அறிவித்தது ஓகஸ்ட் 6இல்தான், ஐந்து நாள் பிந்தி. இந்த ஒரு திகதியே 'சங்கிலி' விளக்கத்தைச் சந்தேகிக்கப் போதும்.

ஓகஸ்ட் 1 பிற்பகல், பிரித்தானியா ஒதுங்கக்கூடும் என்ற பிழையான செய்தி வந்தபோது, முழுப் படையையும் கிழக்கே திருப்பச் சொன்னார் வில்ஹெல்ம். முடியாது என்றார் மொல்ட்கே. முடிந்திருக்கும் என்று போருக்குப் பின் எழுதியவர், ஜேர்மன் இராணுவப் புகையிரதப் பகுதியில் பணியாற்றிய ஒரு தளபதி. ஒஸ்திரியாவோ உண்மையிலேயே திருப்பிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது: சேர்பியாவை நோக்கி ஏற்றிவிட்ட இரண்டாம் சேனையை ரஷ்ய முனைக்கு அனுப்ப முனைந்தபோது, பாதை சிக்கிவிடும், முதலில் தெற்கே போய் இறங்கிவிட்டுத்தான் வடக்கே வரலாம் என்றார்கள் புகையிரத அதிகாரிகள். அது ரஷ்ய எல்லையோரக் கலீசியாவை எட்டியபோது அங்கே தோல்வி தொடங்கிவிட்டது. 35 ஆண்டு கூட்டாளிகளான பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் பொதுவான போர்த்திட்டம் ஒன்றுகூட இருக்கவில்லை. யார் ரஷ்யாவைத் தாங்குவது என்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் அரை உண்மையே சொல்லிவந்தார்கள்.

எதிரணியில் திட்டம் இருந்தது. அதற்கும் விலை இருந்தது. படைதிரட்டிய 15ஆம் நாளிலேயே ஜேர்மனியைத் தாக்குவதாக ரஷ்யா பிரான்சுக்கு உறுதி கொடுத்திருந்தது. வாக்கைக் காப்பாற்ற, வழங்கல் வண்டிகள் வந்துசேருமுன் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் புகுந்தது. ஓகஸ்ட் முடிவில் டனன்பேர்க்கில் ரஷ்யத் தளபதி சம்சோனோவின் சேனை சுற்றிவளைக்கப்பட்டு 90,000க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். ஆனால் அதே பதற்றத்தில் ஜேர்மனி மேற்கு முனையிலிருந்து இரண்டு படைக்கூட்டங்களை உருவிக் கிழக்கே அனுப்பியது. அவை போய்ச் சேருமுன் அங்கே சண்டை முடிந்துவிட்டது, மேற்கே மார்ன் ஆற்றங்கரையில் அவை இல்லாத குறை தெரிந்தது. கூட்டணி வேலை செய்தது என்றுதான் பாரிஸ் சொல்லும்.

இருக்கும் ஒரே நண்பன்

இவ்வளவு ஆபத்தான வாக்குறுதியை ஏன் கொடுத்தார்கள்? கூட்டணியில் இருப்பவருக்கு இரண்டு அச்சம் உண்டு: துணைவன் என்னைத் தன் சண்டைக்குள் இழுத்துவிடுவான் என்பது ஒன்று, என் சண்டையில் கைவிட்டுவிடுவான் என்பது மற்றொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். கழற்றிக்கொள்ள இடம்வைத்து எழுதினால் துணைவன் நம்பமாட்டான். இறுகக் கட்டினால் அவன் விழும் பள்ளத்தில் நாமும் விழவேண்டும். துணைவர் பலர் உள்ளவர் முதல் அச்சத்தைக் கவனிப்பார். ஒரே துணைவன் உள்ளவருக்கு இரண்டாவதுதான் பெரிது.

பிஸ்மார்க் காலத்தில் ஜேர்மனிக்கு ஒஸ்திரியா, இத்தாலி, ருமேனியா தவிர ரஷ்யாவுடனும் 1887இல் ஓர் இரகசிய உடன்பாடு இருந்தது. அது 1890இல் காலாவதியானபோது அவருக்குப்பின் வந்தவர்கள் புதுப்பிக்கவில்லை. நான்கே ஆண்டில் ரஷ்யா பிரான்சின் பக்கம். 1913இல் சேர்பியாவைத் தாக்க ஒஸ்திரியா கேட்டபோது இத்தாலி மறுத்திருந்தது. ஆக 1914இல் ஜேர்மனியிடம் மிஞ்சியிருந்த ஒரே பெரிய நண்பன் ஒஸ்திரியா. அதோடு ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக் கடனில் ரஷ்யா போட்டுவந்த தண்டவாளங்களும் படைப்பெருக்கமும் 1917 அளவில் முடியும். முடிந்தால் அந்த ஆறு வார அனுமானம் செத்துவிடும். இன்று இல்லாவிட்டால் என்றும் இல்லை என்ற எண்ணம் படைத்தலைமையகத்தில் வேரூன்ற இதுவே காரணம்.

தென்னாசியர் கவனிக்க வேண்டியது பிரித்தானியாவின் கணக்கை. 1907 ஓகஸ்ட் 31இல் ரஷ்யாவுடன் அது செய்துகொண்ட இணக்கம் ஐரோப்பாவைப் பற்றியதே அல்ல. பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் பற்றியது. ரஷ்யா மீண்டும் பகையானால் இந்திய எல்லையைக் காக்க எத்தனை படை வேண்டும் என்ற கவலை லண்டன் வெளிவிவகார அலுவலகத்தை விட்டு நீங்கியதில்லை. ரஷ்யாவும் பிரான்சும் நம்மை விட்டு வென்றால் இந்தியா என்னாகும் என்ற கேள்வியும் பெல்ஜியத்தோடு சேர்ந்தே மேசையில் இருந்தது. பிரான்சோடு 1906 முதல் படை அதிகாரிகள் பேசிவந்ததுகூட அமைச்சரவையில் பெரும்பாலோருக்கு 1911 வரை தெரியாது. 1912 நவம்பரில் பிரித்தானிய வெளிவிவகார அமைச்சர் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் கம்போனும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் 'இது எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று தெளிவாகவே சொல்லின. ஆனால் அதற்குள் பிரான்ஸ் தன் கடற்படையை மத்தியதரைக் கடலில் குவித்துவிட்டிருந்தது. வடகரை திறந்து கிடந்தது. கப்பல்கள் இடம்மாறியிருந்ததால் கட்டுப்படுத்தாத கடிதமும் கட்டுப்படுத்தும் கடிதமாகிவிட்டது. 1914 ஓகஸ்ட் 2இல் ஆங்கிலக் கால்வாய்க்குள் ஜேர்மன் கப்பல் வந்தால் தடுப்போம் என்று லண்டன் உறுதிகொடுத்தது இதனால். இந்தப் போருக்கு உடன்படாமல் அமைச்சரவையை விட்டுப் போனவர்கள் மோர்லி, பேர்ன்ஸ் என்ற இருவர்.

ஜப்பான் கதை சுருக்கமானது. பிரித்தானியா கேட்டது, ஜேர்மன் ஆயுதக் கப்பல்களைத் தேடித்தர உதவி. ஓகஸ்ட் 23இல் போர் அறிவித்த ஜப்பான் எடுத்துக்கொண்டது, சீனாவில் ஜேர்மனி வைத்திருந்த சிங்டாவோவையும் அதன் பசிபிக் தீவுகளையும். அழைக்கப்பட்ட விருந்தாளி பந்தியை மட்டுமல்ல, வீட்டையும் எடுத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிர்மாறான நோய்

1914இன் பாடத்தைக் கூடுதலாகப் படித்ததுதான் 1938. செக்கோஸ்லோவாக்கியாவுடன் பிரான்சுக்கு உடன்படிக்கை இருந்தது, மியூனிக் மாநாட்டில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்துக் கைகழுவியது. 1939 மார்ச் 31இல் போலந்துக்குப் பிரித்தானியா உத்தரவாதம் கொடுத்தபோது ஹிட்லர் அதை நம்பாததற்கு மியூனிக்தான் காரணம். ஓகஸ்ட் 23இல் ஸ்டாலினோடு உடன்பாடு வந்ததும் தடை முற்றாக நீங்கியது. இங்கே போரைக் கொண்டுவந்தது கூட்டணியின் இறுக்கமல்ல, அதன் தளர்ச்சி.

தப்பிக்க நினைப்பவருக்கு எத்தனை இறுக்கமான வாசகமும் தடையல்ல என்பதற்கு இத்தாலி மீண்டும் சாட்சி. 1939 மேயில் அது ஜேர்மனியோடு செய்த 'உருக்கு ஒப்பந்தத்தில்' தற்காப்பு என்ற நிபந்தனைகூட இல்லை. துணைவன் போரில் இறங்கினால் தானும் இறங்க வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் ரோம் ஒரு பட்டியல் அனுப்பியது: 60 இலட்சம் தொன் நிலக்கரி, 20 இலட்சம் தொன் உருக்கு, 70 இலட்சம் தொன் எண்ணெய் என்று நீண்டது அது. கொடுக்க முடியாது என்று தெரிந்தே கேட்டது. 1941இல் இதற்கு நேர்மாறு. ஜப்பான்தான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது என்பதால் 1940இன் முத்தரப்பு உடன்படிக்கைப்படி ஜேர்மனிக்குக் கடமை இல்லை. ஆனாலும் ஹிட்லர் டிசெம்பர் 11இல் அமெரிக்கா மீது போர் அறிவித்தார். ஜப்பானோ சோவியத் மீது கைவைக்கவே இல்லை.

இன்றைய வாசகங்களை எப்படிப் படிப்பது

1945க்குப் பின் எழுதியவர்கள் இந்தக் கோளாறுகளை மனதில் வைத்தே எழுதினார்கள். செய்தியில் ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை வந்தால் முதலில் தேட வேண்டியது, எது நடந்தால் கடமை எழும், எந்த நிலப்பரப்பில், எவ்வளவு உதவி, யார் தீர்மானிப்பது என்பவற்றை. நேட்டோவின் 5ஆம் சரத்து ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் 'தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை' எடுக்கும் என்றுதான் அடுத்து வருகிறது. படை அனுப்பியே ஆகவேண்டும் என்றில்லை. 6ஆம் சரத்து எல்லை போடுகிறது: தீவுகள் என்றால் வட அத்திலாந்திக்கில், கடகரேகைக்கு வடக்கே இருக்க வேண்டும். 1982இல் ஃபோக்லண்ட் தீவுகளை ஆர்ஜென்டீனா பிடித்தபோது நேட்டோவுக்கு வேலை இருக்கவில்லை. ஹவாயும் அந்த வட்டத்துக்கு வெளியேதான். 32 உறுப்பினரைக் கொண்ட இந்த அமைப்பு 5ஆம் சரத்தை இதுவரை ஒரே ஒரு தடவை, 2001இல், பிரயோகித்திருக்கிறது.

தாய்வானில் சியாங் கைஷேக்கோடு 1954இல் உடன்படிக்கை செய்த அமெரிக்கா, சில நாளில் இன்னொரு கடிதமும் வாங்கிக்கொண்டது: கூட்டு இணக்கமின்றிச் சீனப் பெருநிலத்தின் மீது படை பிரயோகிப்பதில்லை. கூட்டணியையே கடிவாளமாக்கியது இது. 1888இல் பிஸ்மார்க் செய்ததன் மறுபதிப்பு. கவலைக்கிடமானது பிலிப்பைன்ஸுடன் அமெரிக்கா செய்த உடன்படிக்கை. 1951இன் அந்த வாசகம் நிலத்தை மட்டுமல்ல, பசிபிக்கில் உள்ள படையினர், அரச கப்பல்கள், விமானங்கள் மீதான ஆயுதத் தாக்குதலையும் உள்ளடக்கும். மணற்றிட்டில் 1999 முதல் தரைதட்டி நிற்கும் ஒரு துருப்பிடித்த பிலிப்பைன்ஸ் கடற்படைக் கப்பலுக்கு உணவு கொண்டுபோகும் படகு மீது சீனக் கரையோரக் காவலர் நீர் பீய்ச்சுவது 'ஆயுதத் தாக்குதல்' ஆகுமா என்பதே அங்கே தினசரிக் கேள்வி. 2024 ஜூனில் ரஷ்யாவும் வடகொரியாவும் ஒப்பமிட்டதில் தாமதமின்றித் தம்மிடமுள்ள எல்லா வழிகளாலும் உதவ வேண்டும் என்றிருக்கிறது. அந்த ஆண்டு முடியுமுன்னே வடகொரியப் படையினர் கூர்ஸ்க் பகுதியில் இருந்தார்கள்.

சரத்துக்களைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது, அவற்றைச் சுற்றி நடப்பதை: உடன்படிக்கையில் இல்லாத எதையாவது தலைவர்கள் பத்திரிகையாளர் மாநாட்டில் சேர்க்கிறார்களா, படைத்தளபதிகள் தனியே என்ன திட்டமிடுகிறார்கள், முதலில் அடிப்பவருக்கே இலாபம் என்ற நிலை ஆயுதங்களால் வந்துவிட்டதா. புகையிரத நேரசூசியின் இடத்தில் இன்று ஏவுகணைகள் இருக்கின்றன. 1914இல் நாட்கணக்கில் இருந்த அவகாசம் நிமிடக்கணக்காகிவிட்டது.

இலங்கையும் ஒருகாலத்தில் இப்படி ஒரு தாளில் ஒப்பமிட்டிருந்தது. 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தம், இருவரும் 'பரஸ்பர நலனுக்கு உகந்த' இராணுவ உதவியைச் செய்துகொள்வார்கள் என்றது. வரைந்தவர் கெட்டிக்காரர்: எது உகந்தது என்பதை இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கடமையே எழும். ஆனால் தளங்கள் பிரித்தானியாவின் கையில் இருக்கும்வரை வாசகம் எதுவானாலும் எதிரிக்கு இது பிரித்தானியத் தளமே. 1957இல் பண்டாரநாயக்க அரசு திருகோணமலையையும் கட்டுநாயக்கவையும் மீட்டது இந்தக் காரணத்தால்தான். அணிசேராமைக்கு 1961இல் வகுத்த தகுதிகளிலும் வல்லரசுப் போட்டி சார்ந்த இராணுவக் கூட்டில் சேராமை இருந்தது, அந்தப் போட்டிக்காகத் தளம் கொடாமையும் இருந்தது. 1976 ஓகஸ்டில் அந்த அணியின் உச்சிமாநாடு கொழும்பில் நடந்தது.

1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் இதற்கு இன்னொரு வடிவம் கொடுத்தன: திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை. 'தாக்கினால் காப்போம்' என்ற வரி அதில் கிடையாது. 'கொடுக்கமாட்டோம்' என்பது மட்டுமே உண்டு. அதே கடிதத்தில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிப் பண்ணையை இருவரும் கூட்டாகச் சீரமைப்பதாகவும் இருந்தது; 61 தாங்கிகளைக் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2022 ஜனவரியில். பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய பண்ணை அது. அதன் தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் மோதி எரிந்துபோனது.